டிவிடி, ப்ளூ-ரே வட்டுகளுக்கு விமர்சனம் எழுதும் முறை

திரையரங்கில் ஓடும் படத்துக்கு எழுதும் விமர்சனமும், அதே படம் வட்டாக வெளிவந்த பிறகு அதற்கு எழுதும் விமர்சனமும் ஒன்றல்ல. முதலாவதைப் படிப்பவர் படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார். இரண்டாவதைப் படிப்பவரோ பெரும்பாலும் படத்தை முன்பே பார்த்தவர். அது பிடித்துப்போய்ச் சொந்தமாக வைத்துக்கொள்ள நினைப்பவர். இந்த வட்டில் படம் ஒழுங்காக வந்திருக்கிறதா, முழுதாக வந்திருக்கிறதா, கையில் இருக்கும் பழைய வட்டு போதாதா என்பவையே அவருடைய கேள்விகள். கதைச் சுருக்கத்துக்கு முக்கால் பக்கத்தையும் வட்டுக்கு இரண்டு வரியையும் ஒதுக்கும் விமர்சனம் அவருக்கு எந்த வகையிலும் உதவாது.

திரையில் தெரியும் ஒரு குறை யாருடையது என்று கண்டறிவதுதான் வட்டு விமர்சகரின் முதன்மையான வேலை. அது வட்டைத் தயாரித்தவர்களின் கவனக்குறைவாக இருக்கலாம். படச்சுருளின் வயதால் வந்ததாக இருக்கலாம். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம். விமர்சகரின் வீட்டுத் தொலைக்காட்சி செய்யும் கோளாறாகவும் இருக்கலாம். இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் நல்ல வட்டைக் கெடுத்துச் சொல்வார், கெட்ட வட்டைக் கொண்டாடுவார். பேய்ப்படத்தில் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும் இடம் வேறு, இசைப்படத்தில் வேறு, கார்ட்டூனில் வேறு என்பதால், பல வகைப் படங்களையும் எழுத முனைபவர் ஒவ்வொரு வகையிலும் எங்கே உற்றுப் பார்ப்பது, எதற்குக் காதைக் கொடுப்பது என்று கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பார்ப்பதற்கு முன்

நான்கில் எளிதாகக் களையக்கூடியது தொலைக்காட்சியின் கோளாறு. கடையின் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே தயாரிப்பாளர்கள் நிறத்தையும் கூர்மையையும் ஏற்றிவைத்து அனுப்புகிறார்கள்; அந்த அமைப்பிலேயே படம் பார்த்து எழுதினால் வட்டைப் பற்றி அல்ல, தொலைக்காட்சியைப் பற்றியே எழுதியதாகும். அசைவை மென்மையாக்கும் வசதியை முதலில் அணைக்க வேண்டும். விநாடிக்கு 24 சட்டகங்களில் (ஃபிரேம்களில்) எடுத்த படத்துக்கு நடுவே இல்லாத சட்டகங்களை அது கற்பித்துச் செருகுகிறது. பெரும்பாலான தொலைக்காட்சிகளில் கூர்மை அளவைப் பூஜ்யத்துக்கோ அதற்கு அருகிலோ இறக்க வேண்டும். படத்தின் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் வசதியையும் நீக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த பல தொலைக்காட்சிகளில் இவை அனைத்தையும் ஒரே அழுத்தில் செய்துவிடும் ‘பிலிம்மேக்கர் மோட்’ இருக்கிறது. ப்ளூ-ரே கருவியில் 24 சட்டக வெளியீட்டை இயக்கிவைப்பதும் அவசியம். அறையை இருட்டாக்காமல் இருட்டுக் காட்சிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்தது அட்டைப் பெட்டியின் பின்புறம். அங்கே அச்சிட்டிருப்பதை ஒன்றுவிடாமல் படித்து, வட்டில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். எந்த நாடுகளின் கருவியில் வட்டு ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீட்டைத் தமிழில் எழுதுபவர் ஒருபோதும் விடக் கூடாது, ஏனெனில் நம் வாசகர்கள் ஒரே மண்டலத்தில் இல்லை. டிவிடியைப் பொறுத்தவரை இந்தியாவும் இலங்கையும் 5ஆம் மண்டலத்தில் இருக்க, சிங்கப்பூரும் மலேசியாவும் 3இலும், பிரிட்டன் 2இலும், கனடா 1இலும் இருக்கின்றன. ப்ளூ-ரேயில் இந்தியா சி மண்டலம், பிரிட்டன் பி மண்டலம். அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா ஆகியவை ஏ மண்டலம். அரிய படங்களைத் தேடி வெளியிடும் நிறுவனங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இருப்பதால், சென்னையில் இருப்பவர் ஆசையோடு வரவழைத்த வட்டு அவர் கருவியில் ஓடாமலே போகக்கூடும். 2016இல் வந்த 4கே அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேயில் மண்டலப் பூட்டு இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் அதே பெட்டியில் இணைப்பாக வரும் சாதாரண ப்ளூ-ரேவுக்குப் பூட்டு இருக்கலாம், கூடுதல் காட்சிகள் எல்லாம் அந்த வட்டிலேயே இருக்கவும் கூடும். இதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

ஓடும் நேரத்தை நிமிடம், விநாடி வரை குறித்துக்கொள்வது நல்ல பழக்கம், ஏனெனில் வெட்டுகள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் பிடிபடும். ஆனால் நேரம் குறைந்தாலே வெட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விநாடிக்கு 24 சட்டகங்களில் எடுத்த படத்தைப் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் 25 சட்டகங்களாக ஓட்டும் வழக்கம் இருந்ததால், 100 நிமிடப் படம் 96 நிமிடத்திலும், 150 நிமிடப் படம் 144 நிமிடத்திலும் முடிந்துவிடும். எந்தக் காட்சியும் போயிருக்காது. குரல்களின் சுருதி மட்டும் சற்றே ஏறியிருக்கும். பழகிய பாடல் ஒன்றைக் கேட்டால் இதைச் சட்டென்று உணரலாம்.

கொள்ளளவுக் கணக்கு

வட்டின் கொள்ளளவைப் படத்தின் நீளத்தால் வகுத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அது பல பக்க வருணனையைவிட அதிகம் சொல்லும். ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபியும் ஈரடுக்கு டிவிடியில் 8.5 ஜிபியும் கொள்ளும். ப்ளூ-ரேயில் இவை முறையே 25, 50 ஜிபி. 4கே வட்டில் 66, 100 ஜிபி அளவுகளும் உண்டு. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை ஈரடுக்கு டிவிடியில் முழுதாகப் பரப்பினால், ஒலியும் சேர்த்து விநாடிக்குச் சுமார் 7.5 மெகாபிட் கிடைக்கும். டிவிடி அனுமதிக்கும் உச்சத்தை நோக்கிய மரியாதையான அளவு அது. அதே வட்டில் அத்தகைய மூன்று படங்களை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் 2.5 மெகாபிட்தான் தேறும். ஓரடுக்கு வட்டில் மூன்றையும் திணித்தால் 1.4 மெகாபிட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பழைய விசிடியில் படத்துக்கு மட்டும் கிடைத்துவந்த 1.15 மெகாபிட்டை நெருங்கும் அளவு அது. ‘ஒன்றில் மூன்று’ என்று நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் குவிந்த வட்டுகளில் முகங்கள் ஏன் கட்டம் கட்டமாகச் சிதறின என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதிக பிட்ரேட், அதாவது விநாடிக்கு அதிக மெகாபிட், என்பதாலேயே படம் நன்றாக இருக்கும் என்று சொல்லவும் முடியாது. எச்.264 போன்ற பின்னாளைய சுருக்க முறைகள் டிவிடியின் எம்பெக்-2ஐவிட மிகுந்த சிக்கனமானவை; மேலும், மங்கலான மூலத்தை எவ்வளவு பெரிய வட்டில் ஊற்றினாலும் மங்கல் மங்கலாகவே இருக்கும். கணக்கைச் சந்தேகத்தின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். தீர்ப்பைக் கண்தான் சொல்ல வேண்டும்.

மூலம் எது என்று அறிதல்

படம் எந்தப் பிலிமில், எந்த கேமராவில், எந்த விகிதத்தில் எடுக்கப்பட்டது, வட்டுக்கான ஸ்கேன் அசல் நெகட்டிவிலிருந்து வந்ததா, இடைநிலை நகலிலிருந்தா, திரையரங்கில் ஓடிய பிரிண்டிலிருந்தா, தொலைக்காட்சிக்காக எடுத்த பழைய டேப்பிலிருந்தா என்பவற்றைத் தெரிந்துகொள்ளாமல் எழுதும் எந்தப் பாராட்டும் கண்டனமும் ஊகமே. நல்ல நிறுவனங்கள் இந்த விவரத்தை உள்ளே வைக்கும் சிறு புத்தகத்தில் அச்சிடுகின்றன. அச்சிடாத நிறுவனத்தைப் பற்றி அச்சிடவில்லை என்றே எழுதலாம். அதுவும் வாசகருக்குத் தேவையான செய்திதான்.

புதிதாக எழுத வருபவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் கிரெய்ன். பிலிமில் எடுத்த படத்தின் மேல் எப்போதும் அசைந்துகொண்டிருக்கும் அந்த நுண்மணிகள் அழுக்கல்ல. பிம்பமே அவற்றால்தான் ஆகியிருக்கிறது. டிஜிட்டல் வடிகட்டலால் அவற்றைத் துடைத்தால் தோலின் துளை, துணியின் இழை, தொலைவிலுள்ள இலை எல்லாம் கூடவே துடைபட்டு, நடிகர்கள் மெழுகுப் பொம்மைகளாகத் தெரிவார்கள். 1987இல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்துக்கு 2010இல் வெளிவந்த ப்ளூ-ரே இதனாலேயே சேகரிப்பாளர்களிடம் கெட்ட பெயர் எடுத்தது. ‘பளிங்கு போல இருக்கிறது, ஒரு புள்ளிகூட இல்லை’ என்று எழுதத் தோன்றும்போது நின்று, முடியும் புருவமும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். பொருள்களின் ஓரத்தில் வெண்மையான கோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய டிவிடிகளில் இது மிகச் சாதாரணம்.

இன்னொரு தடுமாற்றம், ஒரே படத்துக்குள் தரம் ஏறி இறங்குவது. கணினிக்கு முந்திய படங்களில் ஒரு காட்சி மற்றொன்றில் கரையும் இடங்களையும் எழுத்து மேலே ஓடும் இடங்களையும் ஆப்டிகல் பிரிண்டரில் மறுபடி நகலெடுத்தே உருவாக்கினார்கள். அந்தச் சில விநாடிகள் ஒரு தலைமுறை கூடுதலாகக் கடந்தவை என்பதால் கிரெய்ன் தடித்தும் கூர்மை குறைந்தும் இருக்கும். கரைதல் முடிந்து வெட்டு விழுந்தவுடன் படம் திடீரென்று தெளியும். எந்த வட்டும் இதை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. சத்யஜித் ராயின் அபு முப்படங்களின் வரலாறு இதைவிடப் பெரிய பாடம். அவற்றின் அசல் நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் கருகின. மிஞ்சிய பகுதிகளை இத்தாலியின் போலோக்னா நகர வல்லுநர்கள் பக்குவப்படுத்தி ஸ்கேன் செய்ய, இல்லாத பகுதிகளுக்கு வேறு இடங்களில் பாதுகாக்கப்பட்டிருந்த நகல்கள் உதவ, 2015இல் 4கே மீட்டெடுப்பு வெளிவந்தது. இந்தப் பின்னணி தெரியாமல் ‘சில இடங்களில் தெளிவு குறைகிறது’ என்று எழுதினால் அது உண்மையாகவே இருந்தாலும் நியாயமாக இராது. அசல் நெகட்டிவ் கிடைக்காத நம் பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆனால் கிடைத்த பிரிண்டைச் சுத்தம்கூடச் செய்யாமல் வட்டில் ஏற்றியவர்களுக்கு அது பொருந்தாது.

வேண்டுமென்றே செய்ததைக் குறையாக எண்ணுவதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். 2002இல் வந்த ‘28 டேஸ் லேட்டர்’ பெரும்பாலும் மினிடிவி (MiniDV) என்ற சிறிய டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுக்கப்பட்டது. அதன் ப்ளூ-ரே சொரசொரப்பாகவும் மங்கலாகவும் இருப்பது அந்த கேமராவின் இயல்பு, படத்தின் மனநிலையும் அதுவே. 1962இன் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ தொடங்கும்போது சில நிமிடங்களுக்குத் திரை கறுப்பாகவே இருக்க, இசை மட்டும் ஒலிக்கும். அரங்கில் மக்கள் வந்து அமர்வதற்காக வைத்த முன்னிசை அது. வட்டு பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்ப நினைப்பவருக்கு விமர்சகர்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டும். நம் படங்களில் இடைவேளை அட்டையை வெட்டாமல் வைத்திருக்கும் வட்டைக் கண்டால் நான் கூடுதலாக ஒரு வரி பாராட்டி எழுதுவேன். கதையை எங்கே நிறுத்திப் பார்வையாளரை வெளியே அனுப்பினார்கள் என்பதும் படத்தின் ஒரு பகுதிதானே.

வகைக்கேற்ற சோதனை

திகில் படங்களை வட்டில் மதிப்பிடுவதென்றால் இருட்டை மதிப்பிடுவதென்றே பொருள். சுருக்க மென்பொருள் முதலில் கஞ்சத்தனம் காட்டுவது நிழலில்தான், ஏனெனில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது என்று அது கணக்குப் போடுகிறது. ஆகவே நிலவறை, மாடிப்படி, இரவுக் காடு போன்ற காட்சிகளில் நிறுத்தி, கறுப்புக்குள் கட்டங்கள் நெளிகின்றனவா, விளக்கொளி சுவரில் தேயும் இடத்தில் படிப்படியாக வளையங்கள் தெரிகின்றனவா, மூலையில் நிற்கும் உருவம் இயக்குநர் நினைத்த அளவுக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்பை அளவுக்கு மீறி அழுத்தினால் உருவம் மறைந்துவிடும். வெளிச்சத்தை ஏற்றினால் ஒப்பனையும் ரப்பர் முகமூடியும் வெளிப்பட்டுப் பயமே போய்விடும். புதிய மீட்டெடுப்புகளில் இரண்டாவது தவறைத் தெளிவு என்று கொண்டாடும் பழக்கம் பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கௌபாய் படங்களிலும் ஹாங்காங் சண்டைப் படங்களிலும் முதல் கேள்வி அகலம். இவற்றில் பல 2.35க்கு 1 என்ற ஸ்கோப் விகிதத்தில் எடுக்கப்பட்டவை. பழைய சதுரத் தொலைக்காட்சிக்காக இருபக்கமும் வெட்டிய பிரதியில் எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவர் மட்டுமே தெரிவார். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வந்தது. அதற்குப் பிந்திய நம் படங்களின் வட்டுகளிலும் இதே சந்தேகத்தோடு ஓரங்களைப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் இருப்பதைக் குறை சொல்லும் வாசகர்கள் இன்றும் உண்டு. ஸ்கோப் படத்தில் அந்தப் பட்டைகள் இருந்தால்தான் படம் முழுதாக இருக்கிறது என்பதைச் சலிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது: சதுரச் சட்டத்தில் எடுத்த பழைய படத்தை இன்றைய திரையை நிரப்புவதற்காகத் தலையையும் காலையும் வெட்டி அகலமாக்குகிறார்கள். இரண்டும் ஒரே அளவு குற்றம்.

இவ்வகைப் படங்களில் இரண்டாவது கேள்வி வெட்டு. பிரிட்டனில் 1937ஆம் ஆண்டு விலங்குகள் தொடர்பான திரைப்படச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருப்பதால், படப்பிடிப்பில் விலங்கைக் கொடுமைப்படுத்தி எடுத்த காட்சிகளை, குறிப்பாகக் கம்பி கட்டிக் குதிரைகளை இடறிவிழச் செய்யும் காட்சிகளை, அங்குள்ள தணிக்கை வாரியம் நீக்கச் சொல்கிறது. அதே படத்தின் அமெரிக்க வட்டில் அவை இருக்கும். நீளம் சில விநாடிகளே குறையும் என்றாலும் சேகரிப்பவருக்கு அது முக்கியம். அவ்வாறு வெட்டுவது சரியா தவறா என்பதைப் பற்றி விமர்சகருக்குக் கருத்து இருக்கலாம். வெட்டு இருக்கிறது என்ற தகவலை மட்டும் மறைக்கக் கூடாது.

கறுப்பு வெள்ளைப் படங்களில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் எத்தனை சாம்பல்கள் உயிரோடு இருக்கின்றன என்பதே கேள்வி. வெள்ளைச் சட்டையில் மடிப்புத் தெரிய வேண்டும், வானத்தில் மேகம் தெரிய வேண்டும். சாம்பலில் பச்சையோ நீலமோ கலந்திருந்தால் ஏதோ பிழை நடந்திருக்கிறது. மௌனப் படங்களில் இவற்றோடு வேகமும் இசையும் சேர்கின்றன. அக்காலத்தில் படம் ஓடும் வேகம் நிலையாக இல்லாததால், மனிதர்கள் துள்ளித் துள்ளி ஓடாமல் நடக்கும்படி வேகத்தைத் தீர்மானித்திருக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். இசை யாருடையது, படம் வெளியான காலத்து இசையா, இன்று எழுதியதா என்று தவறாமல் குறிப்பிட வேண்டும். 1927இன் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் தொலைந்த பகுதிகள் 2008இல் புவெனஸ் ஐரிஸில் ஒரு 16 மிமீ நகலாகக் கண்டெடுக்கப்பட்டு, 2010இல் மீட்டெடுத்த பதிப்பில் சேர்க்கப்பட்டன. அந்தப் பகுதிகள் கீறல்கள் நிறைந்து தனியாகத் தெரியும். அவற்றை வைத்து வட்டுக்கு மதிப்பெண் குறைப்பவர், எண்பது ஆண்டுகள் யாரும் பார்க்காத காட்சிகள் தம் முன் ஓடுவதை மறந்துவிட்டார் என்றுதான் எண்ண வேண்டும்.

கார்ட்டூன் படங்களில் கையால் வரைந்த கோடுகளைப் பின்தொடர வேண்டும். கிரெய்னைத் துடைக்கும் மென்பொருள் மெல்லிய பென்சில் கோட்டையும் அழுக்கென்று கருதி அழித்துவிடும். உருவம் அசையும்போது மூக்கின் கோடு மறைந்து மறைந்து வந்தால் அதுவே அடையாளம். ஒரே நிறம் விரிந்து கிடக்கும் வானத்தில் வளையங்கள் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். செல் எனப்படும் ஒளிபுகும் தாளின் மேல் ஒட்டியிருந்த தூசு கேமராவிலேயே பதிவானது என்பதால் அதைத் தயாரிப்பாளர் மேல் ஏற்ற முடியாது.

நகைச்சுவைப் படங்களுக்குப் படத்தரம் அவ்வளவு பெரிய பிரச்சினை அல்ல. சப்டைட்டில் ஒரு விநாடி முன்னதாக வந்து சிரிப்பைக் கெடுக்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ஆவணப் படங்களில் பழைய செய்திச்சுருள், வீடியோ, பேட்டி எல்லாம் கலந்திருக்கும் என்பதால் புதிதாக எடுத்த பகுதிகளை வைத்தே வட்டை எடைபோட வேண்டும். அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் போல் கோடுகள் தெரிந்தால் மட்டும் வீடியோவைச் சரியாக மாற்றவில்லை என்று குறிப்பிடலாம்.

ஒலியும் சப்டைட்டிலும்

அட்டையில் 5.1 என்றோ அட்மாஸ் என்றோ பல ஒலிபெருக்கி முறைகளின் பெயரைப் போட்டிருப்பதைத் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மோனோவில் (ஒரே ஒலித்தடத்தில்) உருவான படத்தைப் பிற்காலத்தில் ஆறு ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்துப் பரப்பும்போது, சில சமயம் அசல் துப்பாக்கிச் சத்தத்தையும் காலடிச் சத்தத்தையும் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்துகிறார்கள். ஹாங்காங் சண்டைப் படங்களில் இது பலமுறை நடந்திருக்கிறது. அசல் மோனோ தடமும் வட்டில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இருந்தால் புதுக்கலவை விரும்புகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. இல்லாவிட்டால் அது குறை. ப்ளூ-ரேயில் இழப்பில்லாத ஒலித்தடம் உள்ளதா, டிவிடியில் உள்ளது போன்ற சுருக்கிய டால்பி டிஜிட்டல் மட்டும்தானா என்பதையும் எழுத வேண்டும்.

உதடும் குரலும் ஒட்டாததைக் கண்டவுடன் வட்டின் மேல் பழி போட வேண்டாம். 1960களின் இத்தாலியப் படங்களிலும் அக்கால ஹாங்காங் படங்களிலும் குரலைப் பிறகே பதிவு செய்தார்கள். இத்தாலியப் படப்பிடிப்புகளில் ஒவ்வொரு நடிகரும் தத்தம் மொழியில் பேசியதும் உண்டு. அத்தகைய படத்துக்கு எந்த மொழித்தடத்திலும் உதடு முழுதாக ஒட்டாது. ஒரே அளவில், படம் முழுவதும், கதவு சாத்தும் ஓசைகூடப் பிந்தி வந்தால்தான் அது வட்டின் பிழை.

இசைப் படங்களிலும், பாடல்கள் இல்லாமல் எண்ணிப்பார்க்கவே முடியாத நம் படங்களிலும், பாடல் தொடங்கும் நொடியில் ஒலியின் தன்மை மாறுகிறதா என்று கேட்க வேண்டும். வசனம் தேய்ந்த பிரிண்டிலிருந்தும் பாடல் இசைத்தட்டிலிருந்தும் வந்திருந்தால் தையல் தெரியும். பாடல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்பதை எண்ணிப் பார்த்தே எழுத வேண்டும். சப்டைட்டில் உள்ள தமிழ் வட்டுகளில் பாடல் வந்ததும் சப்டைட்டில் மௌனமாகிவிடுவது நெடுநாள் வழக்கம். பாட்டிலேயே கதை நகரும் படத்தைத் தமிழ் தெரியாதவருக்கோ, லண்டனிலும் டொரன்டோவிலும் வளர்ந்து தமிழைக் காதால் மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கோ அது பாதியாக்கிவிடுகிறது. அயல்நாட்டுப் படங்களில், சப்டைட்டில் மூலமொழியிலிருந்து பெயர்த்ததா, ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே அச்சிட்டதா என்று சோதிக்க வேண்டும். மூலமொழி தெரியாவிட்டாலும், ஆங்கிலத் தடத்தைப் போட்டுச் சப்டைட்டிலையும் ஓடவிட்டால் இரண்டும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போவது காட்டிக்கொடுத்துவிடும்.

கூடுதல் காட்சிகள்

இயக்குநரோ அறிஞரோ படம் ஓடும்போதே பேசும் விளக்கத்தடம் 1984இல் ‘கிங் காங்’ படத்தின் லேசர் வட்டில் (டிவிடிக்கு முந்தியது) முதன்முதலாக வந்தது. அதன் பிறகு அது சேகரிப்பாளர்களின் உரிமைப் பொருளாகவே ஆகிவிட்டது. அதைக் கேட்காமலே ‘விளக்கத்தடமும் உண்டு’ என்று எழுதுவது ஏமாற்று. கேட்டுவிட்டு, பேசுபவர் திரையில் நடப்பதையே திரும்பச் சொல்கிறாரா, படப்பிடிப்பில் நடந்ததைச் சொல்கிறாரா, நீண்ட மௌனங்கள் விடுகிறாரா என்று இரண்டு வரிகளில் சொன்னால் போதும். படம் வெளியாகும் முன் விளம்பரத்துக்காக எடுத்த ஐந்து நிமிடப் புகழுரைகளை வரிசையாகப் பட்டியலிட வேண்டியதில்லை. ஒரே படத்துக்குப் பல பதிப்புகள் இருக்கும்போது எது எந்த வட்டில் இருக்கிறது என்ற விவரம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்: ‘பிளேடு ரன்னர்’ 2007இல் ஐந்து பதிப்புகளும் அடங்கிய பெட்டியாக வந்தது, ஆனால் இறுதிப் பதிப்பு மட்டும் உள்ள மலிவு வட்டும் விற்பனைக்கு வந்தது.

எழுதும்போது

படத்தைப் பற்றிய பகுதியையும் வட்டைப் பற்றிய பகுதியையும் பிரித்து எழுதுவதும், மதிப்பெண் கொடுப்பதானால் தனித்தனியாகக் கொடுப்பதும் நல்லது. மட்டமான படம் அருமையான வட்டில் வருவதும் மகத்தான படம் சீரழிந்த வட்டில் வருவதும் அன்றாடம் நடப்பவை. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எதற்கும் பொருளில்லாத எண் ஒன்றுதான் மிஞ்சும். தமக்குப் பிடிக்காத வகையைச் சேர்ந்த படம் கைக்கு வந்தால், அந்த வகையை விரும்புகிறவர் அதில் எதை எதிர்பார்ப்பார் என்று எண்ணிப் பார்த்து, அதை அந்தப் படம் கொடுக்கிறதா என்று எழுத வேண்டும். பேய்ப்படம் பார்த்து அருவருத்துப்போனவரின் விமர்சனம் பேய்ப்பட ரசிகருக்கு உதவாது. எல்லா வகைக்கும் நடுநிலையாக இருக்க யாராலும் முடியாது என்பதால், எந்த வகையில் தமக்குப் பழக்கம் குறைவு என்பதை வாசகரிடம் சொல்லிவிடுவதில் குறைவொன்றும் இல்லை.

பழைய வட்டோடு ஒப்பிடும்போது நினைவை நம்பாமல் இரண்டையும் அருகருகே ஓட்டிப் பார்க்க வேண்டும். படக்காட்சிகளை எடுத்து இணைப்பதானால் ஒரே சட்டகத்தை, இழப்பில்லாத பிஎன்ஜி வடிவில், அளவு மாற்றாமல் எடுக்க வேண்டும். இங்கும் நின்ற படம் எல்லாவற்றையும் சொல்லாது, ஏனெனில் கிரெய்னும் சுருக்கப் பிழைகளும் அசைவில்தான் தம் குணத்தைக் காட்டும். நிறம் பழைய வட்டிலிருந்து மாறியிருந்தால், புதியது தவறு என்று உடனே முடிவு செய்யாமல், அந்த மாற்றத்துக்கு இயக்குநரோ ஒளிப்பதிவாளரோ ஒப்புதல் அளித்தார்களா என்று பெட்டியில் தேடிப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்துத் தம் படத்தின் நிறத்தைத் தாமே மாற்றும் இயக்குநர்களும் உண்டு. அப்போது ஒப்புதல் இருக்கிறது என்பதையும், பழைய நிறம் தமக்கு ஏன் பிடிக்கிறது என்பதையும் இரண்டு தனி வாக்கியங்களாக எழுதலாம்.

நிறுவனம் இலவசமாக அனுப்பிய வட்டு என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும். அனுப்பியது கடைக்கு வரும் பிரதியா, விமர்சகர்களுக்கென்று முன்கூட்டியே எழுதிய சோதனை வட்டா என்பதும் முக்கியம். சோதனை வட்டில் இருந்த பிழை விற்பனைப் பிரதியில் திருத்தப்பட்டிருக்கலாம், அட்டையும் சிறு புத்தகமும் அதில் இருக்கவே இராது. வட்டின் கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பார்த்த பிறகே எழுத உட்கார வேண்டும், ஏனெனில் கீறலும் வளைவும் வட்டின் எந்த இடத்திலும் தடங்கல் செய்யலாம். ஒலி பிந்துவது, சப்டைட்டில் விடுபடுவது போன்ற பிழைகள் வெளியே வந்ததும் பல நிறுவனங்கள் திருத்திய வட்டை மாற்றித் தருகின்றன. ஆகவே விமர்சனத்தின் அடியில் எழுதிய நாள், வட்டு வெளியான நாடு, ஆண்டு, அட்டையின் பட்டைக் குறியீட்டு எண் ஆகியவற்றைக் குறித்துவைத்து, மாற்று வட்டு வந்ததும் அந்தப் பிழையைப் பற்றிய பத்தியை மட்டும் மறுபடி சோதித்துத் திருத்த வேண்டும்.